டிரைவரைச் சேர்க்காமல் ஏழு பேர்

என் அக்கா வீட்டுக்காரர் ஓடுகிற வண்டியில் கண்ணயர்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. நிற்கிற வண்டியில் தூங்குவார். எப்படி வேண்டுமானாலும் தூங்குவார். ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்குவார். பின்சீட்டில் படுத்துக் காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூங்குவார். ஆஸ்பத்திரி வாசல், விமான நிலையம், யார் யாரோ கல்யாணம் நடக்கிற இடத்தின் பின்பக்கம் என்று எங்கே நிறுத்தினாலும் தூக்கம் வந்துவிடும். யாராவது கதவில் கை வைத்தால் போதும். "போலாமா?" என்று எழுந்து உட்கார்ந்திருப்பார்.

சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டால் மட்டும் கண் மூடாது. ஓட்டுவது அவராக இருந்தாலும் சரி, வேறு ஆளாக இருந்தாலும் சரி. ஒரு தடவை அவரோடு ரயிலில் போனேன். வண்டி முழுக்கக் குறட்டை. இவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வந்தார்.

"அத்தான், அது தண்டவாளத்துல போகுது. உங்க உதவி வேணாம். படுங்க" என்றேன்.

"தெரியும் மச்சான். நீ தூங்கு" என்றார்.

அவர் வேன் ஓட்டியவர். சொந்த வேன், வாடகைக்கு. அவர் வேன் நிறுத்துகிற இடத்துக்கு எதிரே என் டயர் கடை. பஞ்சர் ஒட்டுவதில் ஆரம்பித்து, அப்புறம் புது டயரும் விற்க ஆரம்பித்த கடை. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது அவர் வேனுக்குள் இருக்கிற கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். தன் மூஞ்சியைத் துடைக்கிறாரோ இல்லையோ, அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் வேலையைத் தொடங்க மாட்டார். அந்தக் கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் புருவத்துக்கு மேலேதான் தெரியும். அதனால் அவருக்கு ஊரில் பாதிப் பேரை நெற்றியை வைத்துத்தான் அடையாளம். ஒரு நாள் கடையில் என்னோடு டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மாள் நின்று நலம் விசாரித்தாள். இவர் திருதிருவென்று முழித்தார். அந்த அம்மாள் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். "அட, நீங்களா! இடுப்பு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேனே!" என்று கத்திவிட்டார்.

ஆளைப் பற்றி இன்னும் சொல்வதென்றால் அதிகம் பேச மாட்டார். கோபம் வந்தால் ஹாரன் அடிப்பார், அதுவும் ஒரே ஒரு தடவை. எல்லாரையும் இறக்கிவிட்டு வண்டியை ஓரம்கட்டப் போய்விடுவார், அதோடு ஆள் கண்ணில் படமாட்டார். அக்கா மகள் கல்யாணத்தில்கூட விருந்தாளிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். பெண்ணுக்கு அப்பா வந்தாச்சா என்று போட்டோக்காரர் தொண்டை கிழியக் கூப்பிட்டார். குடும்பப் போட்டோவில் அவர் இல்லை. ஓரத்தில் வேனின் ஒற்றை விளக்கு மட்டும் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் "உங்க வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டால், அக்கா அந்த விளக்கின் மேல் விரலை வைத்து, "இதோ நிக்கறாரே" என்பாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவர் கண்ணில் கோளாறு வந்தது எனக்கு டயரில்தான் தெரிந்தது. இடது பக்க டயர்களின் பக்கவாட்டில் உரசல். நடைபாதை ஓரக் கல்லில் தேய்த்துக்கொண்டு போனால் வருகிற உரசல். அவர் வண்டியில் அப்படி ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"என்ன அத்தான், கல்லோட சண்டையா?"

"ரோட்டை அகலம் கொறச்சுட்டானுங்க."

அடுத்த மாதமும் அதே இடது பக்கம். அதற்கடுத்த தடவை ஒரு டயர் பிளந்தே வந்தது. நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை பார்க்கும் அக்கா மகளுக்குப் போனைப் போட்டேன். அவள் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கண் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வை போய்விட்டது. இடது பக்கம் அதிகம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்ற சொட்டு மருந்து, வண்டி ஓட்டுவதை இன்றோடு விட வேண்டும் என்றார் டாக்டர்.

"பகல்லயாவது?" என்று கேட்டிருக்கிறார்.

"பகல்லயும்தான்."

வெளியே வந்ததும், ஆஸ்பத்திரி நடையிலேயே நின்று, சாவியை எடுத்து மகள் கையில் வைத்துவிட்டார். "அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேன் மாமா" என்று அவள் என்னிடம் பிறகு சொன்னாள்.

வேனை விற்றார்கள். அதோடு அவர் எந்த வண்டியிலும் ஏறுவதை விட்டுவிட்டார். அடம் இல்லை, கோபம் இல்லை. வீட்டில் எல்லாரும் எங்காவது கிளம்பினால் வாசல் வரைக்கும் வருவார். டாக்ஸிக் கதவைச் சாத்துவார். கூரையில் இரண்டு தட்டு தட்டுவார். "நீங்க போயிட்டு வாங்க." அவ்வளவுதான். அப்புறம் நடந்து என் கடைக்கு வந்து, அடுக்கி வைத்திருக்கிற பழைய டயர் மேல் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலது பக்கமாக வருகிற வண்டிகளைத்தான் பார்ப்பார்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு நாள் அவர் இல்லாத நேரமாகப் பார்த்து அக்கா மகள் கடைக்கு வந்தாள்.

"மாமா, வண்டி வாங்கப் போறேன். மூணு வரிசை சீட்டு வெச்சது. எல்லாரும் ஒண்ணா போற மாதிரி."

"வாங்கு. டயரு நான் பாத்துக்கறேன். உங்கப்பா வருவாருன்னு நெனைக்கிறியா?"

"அதுக்குத்தானே மாமா வண்டியே! இத்தனை நாள் அவர் ஓட்டினாரு, நாங்க உக்காந்து போனோம். இனிமே நான் ஓட்டணும், அவர் உக்காரணும். அவர் வரலைன்னா எனக்கு எதுக்கு அவ்வளவு நீளத்துல ஒரு வண்டி? நிறுத்தறதுக்கு இடம் தேடவா?"

"வாயால சொன்னா வரமாட்டாரு."

"தெரியும். அதனாலதான் அவரையே செலக்ட் பண்ணச் சொல்லியிருக்கேன்."

கெட்டிக்காரி. அன்று சாயங்காலம் என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னாள். போனால் சாப்பாட்டு மேசை முழுக்கப் படம் போட்ட பளபள காகிதங்கள். அத்தான் சவரம் செய்து, சட்டை மாற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக மூக்குக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த மூஞ்சியில் ஒரு வேலை தெரிந்தது.

போட்டியில் மூன்று வண்டிகள். முதலாவது, கூரையே கண்ணாடி, நடு வரிசையில் ராஜா உட்கார்கிற மாதிரி தனித்தனியாக இரண்டு சீட்டு. மொத்தம் ஆறு பேர் போகலாம். அக்கா மகனுக்கு அதுதான் பிடித்தது. அக்கா அதற்கு மினுக்கி என்று பெயர் வைத்தாள். இரண்டாவது, கறுப்பு நிறத்தில் உறுமுகிற மாதிரி மூஞ்சி, ஏழு சீட்டு. அது கறுப்பன். மூன்றாவது வேறு கம்பெனி வண்டி. எட்டு சீட்டு. நீட்டமாக, சதுரமாக, ஒரு நெளிவு சுளிவு இல்லாமல் இருந்தது.

"இது என்னக்கா ரொட்டிப் பெட்டி மாதிரி? இதுல போனா எல்லாரும் நம்மளக் கடைன்னு நெனைச்சு கை காட்டி நிறுத்துவாங்க" என்றான் மகன், தன் அக்காவிடம்.

"மினுக்கில மேல கண்ணாடி, வெயில் மண்டையில அடிக்கும்" என்றாள் அக்கா. "எனக்கு மொழங்கால் வலிக்காம ஏறணும். படி ஒசரமா இருக்கா, தாழ்வா இருக்கா, அதைச் சொல்லுங்க முதல்ல."

"எத்தனை இடத்துல போன் சார்ஜ் போடலாம்?" என்றாள் பெரிய பேத்தி.

"அதையும் சேத்து ரெண்டா வாங்கிடலாமா?" என்றார் மருமகன். அச்சகத்தில் வேலை பார்ப்பவர். பேசுவது அபூர்வம், பேசினால் இப்படித்தான்.

அத்தான் காகிதத்தை இறக்கினார். "சும்மா இருங்கப்பா. முதல்ல ஆள் கணக்கு. ஆள் எத்தனையோ அதுக்கேத்த வண்டி." விரலை மடக்கினார். "உங்கம்மா. நீ. மாப்பிள்ளை. பிள்ளைங்க ரெண்டு. உன் தம்பி, அவன் பொண்டாட்டி. ஏழு. ஆறு சீட்டு ஆகாது. எட்டு தண்டம். ஏழு சீட்டுதான் சரி."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். மகன் மட்டும் மினுக்கியின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷோரூம். அது பக்கத்துத் தெருவுக்கு அடுத்த தெருதான். மற்றவர்கள் இரண்டு டாக்ஸியில் வந்து இறங்கும்போது அத்தான் நடந்தே வந்து எங்களுக்கு முன்னால் கண்ணாடிக் கதவின் முன் நின்றிருந்தார். வண்டி வாங்க நடந்து வந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

உள்ளே குளிர். தரையில் நம் மூஞ்சி தெரிகிறது. எனக்கு அந்த மாதிரி இடமே பிடிக்காது. ஒரு டயரில்கூட மண் இல்லை. அத்தானுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நேராகக் கறுப்பன் பக்கத்தில் போய்த் தரையில் மல்லாக்கப் படுத்துத் தலையை அடியில் நுழைத்துவிட்டார். கழுத்தில் பட்டையோடு ஒரு சின்ன வயசு விற்பனைக்காரர் ஓடி வந்தார்.

"சார், சார்! ஏதாவது கீழ விழுந்துடுச்சா சார்?"

"இல்ல தம்பி. பாத்துட்டு வர்றேன். நீங்க நில்லுங்க."

வெளியே வந்தார். கதவு ஒவ்வொன்றையும் திறந்து, சாத்தி, சத்தம் கேட்டார். சீட்டு ஒவ்வொன்றையும் முஷ்டியால் அமுக்கினார். கடைசி வரிசையை மடக்கி நிமிர்த்தினார். அக்காவைக் கைபிடித்து ஏற்றி இறக்கி முழங்காலை விசாரித்தார். எல்லாம் செய்தார். உட்கார்ந்து பார்த்தீர்களா என்று விற்பனைக்காரர் கேட்டபோது, "அதுக்குத்தான் இவங்க இருக்காங்களே" என்றார்.

"நல்ல வண்டி" என்று கடைசியில் சொன்னார். "இதையே எடுங்க."

ஓட்டிப் பார்க்க வெளியே முற்றத்தில் ஒரு கறுப்பன் நின்றது. அத்தான்தான் ஆட்களை ஏற்றினார். யார் எங்கே என்பதை அவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், அதுதான் அந்த வீட்டு வழக்கம். மகனையும் அவன் மனைவியையும் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அக்காவும் பேத்திகளும் நடுவில். சின்னவளுக்கு பெல்ட் மாட்டி, இழுத்துப் பார்த்தார். மருமகன் முன்னால். மகள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அத்தான் கதவுகளைச் சாத்தினார். வண்டியின் பின்னால் போய் நின்று, அதன் உடம்பில் தட்டித் தட்டி, "வா... வா... ஒடிச்சு வா... வரலாம்..." என்றார். நான் ஓரமாக நின்றேன்.

விற்பனைக்காரர் ஓடி வந்து மகள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். "மேடம், ஓட்டிப் பாக்கறப்போ எங்க ஆள் ஒருத்தர் கூட வரணும். யாராவது ஒருத்தர் இறங்கிக்கிட்டா..."

"நான் இறங்கறேன்" என்றான் மகன் பின்னாலிருந்து. "எப்படியும் மொழங்கால் தாடையில இடிக்குது."

விற்பனைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் உதடு எண்ணியது. அப்புறம் அத்தானைப் பார்த்தார்.

"மேடம், உள்ள ஏழு பேர் இருக்கீங்க. சார் உங்க அப்பாதானே? அப்ப எட்டுப் பேர் ஆகுதே. சார் எங்க உக்காருவாங்க?"

அத்தான் சிரித்தே விட்டார். "என்னை எதுக்குத் தம்பி எண்றீங்க? டிரைவரை யாராச்சும் கணக்குல சேப்பாங்களா?"

சொல்லிவிட்டு முன்சீட்டைப் பார்த்தார். அங்கே மகள் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டிக்கொண்டிருந்த கை வண்டி மேலேயே நின்றுபோயிற்று.

வேன் ஓட்டுகிறவர்களிடம் போய் வண்டியில் எத்தனை பேர் போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர் என்பார்கள். எண்ணினால் பதின்மூன்று சீட்டு இருக்கும். டிரைவர் ஆள் இல்லை. வண்டியில் ஒரு பாகம், கியர் மாதிரி. அத்தான் தன்னைத் தாழ்த்திக்கொண்டு அப்படி எண்ணவில்லை. தொழில் அப்படித்தான் எண்ணக் கற்றுக்கொடுத்தது. வீட்டில் எல்லாரும் அந்த எண்ணிக்கையிலேயே வளர்ந்துவிட்டார்கள். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு நாற்காலிதான். அவர் வண்டியை நிறுத்திவிட்டு அப்புறம் வந்து சாப்பிடுவார், எழுந்தவர்களின் நாற்காலியில். வண்டி போயும் அந்த வழக்கம் போகவில்லை. அன்றைக்கு அந்த முற்றத்தில் நின்றுதான் எனக்கே அது உறைத்தது.

மகள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்த வண்டி வேணாம்பா."

"ஏம்மா? நல்ல வண்டிம்மா. அடியெல்லாம் பாத்துட்டேன். நான்தான் வரப்போறதில்லையே, ஏழு தாராளம்."

"வரப்போறதில்லையா?"

"நீங்க போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

"வீட்டை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்கப்பா. நீங்க இல்லாம எனக்கு இந்த வண்டியும் வேணாம், எந்த வண்டியும் வேணாம்."

அக்கா நடு வரிசையிலிருந்து சத்தம் போட்டாள். "எல்லாரும் இறங்குங்க. இறங்குங்கன்னா!" விற்பனைக்காரரைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. எங்க வீட்டுல கணக்கு கொஞ்சம் வீக்கு" என்றாள்.

"பாப்பா சின்னதுதானேம்மா, மடியில..." என்று இழுத்தார் அவர்.

"தம்பி, எனக்கே மொழங்கால் வலி. என் மடி மேல கண்ணு வெக்காதீங்க."

டாக்ஸி கூப்பிடக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தான் வழக்கம்போல நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே மகள், அவள் பின்னால் மற்றவர்கள். நானும். நடைபாதையில் வரிசையாகப் போனோம். அக்கா அடிக்கு ஒரு தரம் முழங்காலைத் திட்டிக்கொண்டு வந்தாள். மருமகன், "எட்டுப் பேரும் ஒண்ணா போறோம். டீசல் செலவுகூட இல்ல" என்றார். அத்தானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வீட்டு வாசலில், "என்னால வண்டி வாங்கறது கெட்டுப்போச்சு பாரு மச்சான்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் அக்கா மகள் அடுக்களையிலிருந்து ஸ்டூலைத் தூக்கி வந்து மேசைக்குப் பக்கத்தில் போட்டாள். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன், எனக்கு அது பழக்கம்.

ரொட்டிப் பெட்டிக்காரர்கள் வண்டியை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து காட்டுவார்களாம். அந்த வாரமே அக்கா மகள் வரச் சொல்லிவிட்டாள். மகனும் அவன் மனைவியும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். இந்த விற்பனைக்காரர் கொஞ்சம் வயசானவர், பயந்த சுபாவம், எதற்கும் கையில் ஒரு துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். நேரில் பார்க்க அந்த வண்டி படத்தைவிட மோசம். ஆனால் படி தாழ்வு. அக்கா ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்து, "இதுக்குத்தான்டி நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். அன்றைக்கு அக்கா அப்படி ஒன்றும் சொன்னதில்லை.

அத்தான் வாசலில் நின்று கதவைச் சாத்தத் தயாராக இருந்தார்.

"ஏறுங்கப்பா."

"நீங்க போயிட்டு..."

"உங்களைத்தானே செலக்ட் பண்ணச் சொன்னேன்? உக்காராம எப்படிச் செலக்ட் பண்ணுவீங்க? வெளிய நின்னு தட்டிப் பாத்து வாங்கறதுக்கு இது பானையா? ஒரே ஒரு சுத்து. பிடிக்கலைன்னா இறங்கிடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். "ஏறுங்க அத்தான். உங்களால எனக்கு ஒரு நாள் கடை போச்சு" என்றேன்.

முன்சீட்டில் ஏறினார். விற்பனைக்காரர் பின்னால் போனார். வண்டி நகரவில்லை, அதற்குள் அத்தானின் வலது கால் தரையை மிதித்தது.

"பிரேக்கு, பிரேக்கு!"

"அப்பா, வண்டி இன்னும் நிக்குதுப்பா."

தெரு முனை வருவதற்குள் கால் எத்தனை தடவை மிதித்ததோ. கை கதவுப் பிடியில் வெளுத்துப்போயிருந்தது. அக்கா மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். திருப்பத்தில் ஓரம்கட்டி, "நடு வரிசைக்குப் போங்கப்பா" என்றாள்.

விற்பனைக்காரரை முன்னால் விட்டு, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். கால் அடங்கியது. கழுத்து அடங்கவில்லை. இடது பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சந்திப்பு வந்தது.

"இடது பக்கம் யாராச்சும் வர்றாங்களா?" என்றார் அத்தான். "எனக்குத் தெரியல. யாராச்சும் பாருங்க. சைக்கிள் இருக்கா?"

டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் திரும்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"இடது பக்கம் நான் பாத்துக்கறேன்பா. யாரும் இல்ல. ஒரு சைக்கிள் தூரத்துல வருது, அதுக்கு வழி விட்டுட்டுத்தான் போறேன்."

சைக்கிள் போனது. அப்புறம் வண்டி போனது. பிறகு, "கடைசி வரிசையையும் பாத்துடலாம்" என்று அத்தானாகவே சொன்னார்.

கடைசி வரிசையில் நானும் பேத்திகள் இரண்டு பேரும் இருந்தோம். மகள் மறுபடி ஓரம்கட்ட, பெரியவள் நடு வரிசைக்கு மாற, மருமகன் வழிவிட, அத்தான் குனிந்து வந்து எனக்கும் சின்னவளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். முழங்காலுக்கு இடம் இருந்தது. முன் சீட்டுகளின் முதுகு உயரம். அங்கிருந்து ரோடு தெரியாது. தலைகள்தான் தெரியும். அவர் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார்.

"மச்சான், எல்லாரையும் நெத்திப் பக்கம்தான் பாத்திருக்கேன். பின்னாடி யாரு யாருன்னே தெரியல" என்றார். அப்புறம் மெதுவாக, "உங்கக்காவுக்குப் பின்னந்தலையில இவ்வளவு நரைச்சிருக்கா?"

"எனக்குக் காது கேக்குது" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்."

"அப்படிச் சொல்லலையே!"

"இப்பச் சொல்றேன்ல."

அக்கா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

வண்டி பெரிய ரோட்டுக்கு வந்தது. சிக்னலில் நின்றபோது அத்தானின் கால் ஒரு தடவை தரையை மிதித்தது. அடுத்த சிக்னலில் கால் எழும்பியது, மிதிக்கவில்லை. அதற்கடுத்ததில் நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் என் தோளில் ஒரு பாரம் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. மூக்குக் கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கியது. ஆள் தூங்கிவிட்டார். அவர் கை சின்னவளின் மடியில் கிடந்தது. அவள் நகராமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"டயர் தாத்தா, தாத்தா தூங்கறாரு" என்று என் காதில் ஊதினாள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

கண்ணாடியில் அக்கா மகளின் கண் எங்களைத் தேடியது. அங்கிருந்து பார்த்தால் அவளுக்கு எங்கள் நெற்றிதான் தெரிந்திருக்கும். ஒரு நெற்றி சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். நான் தலையை ஆட்டினேன். வண்டி இன்னும் கொஞ்சம் மெதுவானது.

"மேடம், இங்க திரும்பினா வீடு" என்றார் விற்பனைக்காரர்.

அவள் திரும்பவில்லை. நேராகப் போனாள்.

"மேடம், நாம சொன்ன தூரம் முடிஞ்சுடுச்சு..."

"இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கணுங்க."

"எதைப் பாக்கணும் மேடம்? ஏசியா, எஞ்சினா, கேளுங்க, நானே சொல்லிடறேன்."

"பின் சீட்டு" என்றாள். "பின் சீட்டு சரியா இருக்கான்னு பாக்கணும்."

விற்பனைக்காரர் திரும்பிப் பின்னால் பார்த்தார். என்ன நினைத்தாரோ, துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துகொண்டார். அக்கா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் பார்த்தாள், கழுத்து வலிக்கும் என்று எனக்கே தோன்றியது. மருமகன்கூட ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. ஊரை ஒரு சுற்று சுற்றினோம். என் தோள் மரத்துப்போயிற்று. நான் அசையவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. நின்றும் அவர் எழவில்லை. நான் அவர் தலையை மெதுவாகச் சீட்டில் சாய்த்துவிட்டு முதலில் இறங்கி, மறந்துபோகாமல், இடது பக்க டயர் இரண்டையும் குனிந்து பார்த்தேன். ஒரு உரசல் இல்லை. அக்கா மகள் சுற்றி வந்து பின்கதவில் கை வைத்தாள்.

"போலாமா?" என்று எழுந்து உட்கார்ந்தார்.

"போயிட்டு வந்தாச்சுப்பா."

அவர் ஜன்னல் வழியாகத் தன் வீட்டு வாசலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். காது சிவந்திருந்தது.

"எப்படிப்பா இருக்கு வண்டி?" என்று கேட்டாள்.

"தெரியலையே" என்றார். "தூங்கிட்டேன்."

அதற்கு மேல் அந்த வண்டியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மகள் அங்கேயே நின்று விற்பனைக்காரரிடம் என்ன நிறம் இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.